பன்னிரண்டு வோல்ட் எங்கே போனது?

பழைய அம்பாசிடர் ஒன்று காலையில் கிளம்ப மறுக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பட்டறையில் இதற்கு வாடிக்கையான ஒரு வரிசை உண்டு. முதலில் நான்கு பிளக்கும் மாறும், பிறகு கண்டன்சர், பிறகு பாயிண்ட். அதற்கும் மசியாவிட்டால் காயில், கேப், ரோட்டார், பிளக் வயர். இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் வண்டி உறுமிக் கிளம்பிவிடும். கடைசியாக மாற்றிய பாகம்தான் கெட்டிருந்தது என்று முடிவாகிவிடும். அந்த முடிவுக்கு ஆதாரம் மிகக் குறைவு. கடைசிப் பாகத்தை மாற்றும்போது ஒரு நட்டைக் கழற்றி இறுக்கியிருப்பார்கள். பச்சை பூத்திருந்த ஒரு பித்தளை முனை அந்த அசைவில் துடைபட்டிருக்கலாம். உறைக்குள்ளேயே அறுந்துகொண்டிருந்த வயர் வேறு கோணத்தில் வளைந்து, அப்போதைக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வண்டி ஓடியதற்கு இவற்றில் எது காரணம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கை வைப்பும் ஒரு தடயத்தை அழித்திருக்கிறது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்போது, புதுப் பாகங்கள் தரமில்லை என்ற பேச்சு எழும். பழைய காரின் இக்னிஷன் பழுதில் கெட்ட பாகத்தைத் தேடத் தொடங்குவதே தவறான தொடக்கம் என்பது என் வாதம். பேட்டரி தருகிற பன்னிரண்டு வோல்ட், போகிற வழியில் எங்கே செலவாகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கெட்ட பாகம் தானே வெளியே வந்து நிற்கும்.

இப்படித் தேட முடிவதற்குக் காரணம், இந்த அமைப்பின் எளிமை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். 1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த நிக்கோலஸ் காலன் என்ற பாதிரியார், ஓர் இரும்புத் தண்டின்மேல் தடித்த கம்பிச் சுற்று ஒன்றையும் நீண்ட மெல்லிய கம்பிச் சுற்று ஒன்றையும் அமைத்து, தடித்த சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்தால் மெல்லிய சுற்றில் மிகப் பெரிய மின்னழுத்தம் எழுவதைக் காட்டினார். அறுக்கும் இடத்தின் குறுக்கே ஒரு மின்தேக்கியை வைத்தால் அந்த விளைவு இன்னும் வலுக்கும் என்று 1853-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ கண்டார். இந்த மூன்றையும் காருக்கு ஏற்றபடி இணைத்து, பேட்டரியால் இயங்கும் இக்னிஷனை நம்பகமானதாக ஆக்கியவர் சார்லஸ் கெட்டரிங். 1910-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் அது வந்தது. அதன்பின் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதே அமைப்பில்தான் ஓடின. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்து, உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரும் அந்தப் பரம்பரைதான். அதன் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் இருந்தது லூகாஸ் வகை டிஸ்டிரிபியூட்டர். அந்தப் பெயர் சென்னைக்குப் புதிதல்ல; லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டு, நகரின் பாடிப் பகுதியில் வாகன மின்சாதனங்களைத் தயாரித்து வந்திருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் மின்னோட்டம் பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச் வழியாகக் காயிலின் தடித்த சுற்றுக்குப் போகிறது. அங்கிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுக்கு வந்து, பாயிண்ட் மூடியிருந்தால் அதன் வழியாக இன்ஜினின் உலோக உடலில் இறங்கி, பேட்டரியின் எர்த் முனைக்குத் திரும்புகிறது. காயிலின் தடித்த சுற்றுக்கு ஏறத்தாழ 3 ஓம் தடை. பன்னிரண்டு வோல்ட் முழுதாகக் கிடைத்தால் 4 ஆம்பியர் ஓடும். இந்த ஓட்டம் காயிலில் காந்தப் புலமாகச் சேமிக்கப்படுகிறது. டிஸ்டிரிபியூட்டர் தண்டில் சுழலும் கேம் பாயிண்டைத் திறக்கும் கணத்தில் புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. ரோட்டார் அதைக் கேப்பின் நான்கு முனைகளில் ஒன்றுக்குக் கொடுக்க, 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளில் பொறி விழுகிறது. ஆக, இங்கே இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. பன்னிரண்டு வோல்ட் ஓடும் தாழ்வழுத்தச் சுற்று ஒன்று, பல்லாயிரம் வோல்ட் பாயும் உயரழுத்தச் சுற்று மற்றொன்று. தாழ்வழுத்தச் சுற்று நான்கு சிலிண்டருக்கும் பொது. ரோட்டார் வரைக்கும் எல்லாமே பொது. கேப்பின் உள்முனை, பிளக் வயர், பிளக் ஆகியவை மட்டும்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. இதை மனத்தில் நிறுத்தினாலே ஸ்பேனரைத் தொடாமல் பாதிச் சந்தேகங்களைக் கழித்துவிடலாம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் விடாமல் மிஸ்ஸிங் அடித்தால், கண்டன்சரையோ காயிலையோ மாற்றுவதில் பொருளே இல்லை. மற்ற மூன்று சிலிண்டர்களுக்கும் அதே கண்டன்சரும் காயிலும்தான் பொறி கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

காயிலில் சேமிக்கப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். காயிலின் தூண்டலளவு 8 மில்லிஹென்றி என்று வைத்துக்கொண்டால், 4 ஆம்பியரில் 64 மில்லிஜூல் சேமிப்பு இருக்கும். சாவி சுவிட்சில் தேய்ந்த தொடுமுனை, துருவேறிய ஒரு இணைப்பு, கருகிய பாயிண்ட் என்று வழியில் எல்லாமாகச் சேர்ந்து ஒரே ஒரு ஓம் கூடுதல் தடை இருந்தால் மின்னோட்டம் 3 ஆம்பியராகக் குறையும். கால் பங்குதான் குறைந்தது என்று தோன்றும். ஆற்றலோ 36 மில்லிஜூலுக்கு இறங்கிவிடுகிறது. பாதியை நெருங்கும் இழப்பு. இதற்கு மேல், செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே 9 அல்லது 10 வோல்ட்டுக்குத் தாழ்கிறது. ஏற்கெனவே மெலிந்த பொறி, மிகவும் தேவைப்படும் நேரத்தில் மேலும் மெலிகிறது. வேகமும் இதில் சேர்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 100 பொறி வேண்டும், அதாவது ஒரு பொறிக்குப் பத்து மில்லிநொடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் பாயிண்ட் மூடியிருக்கிறது. அந்த ஆறேழு மில்லிநொடிக்குள் மின்னோட்டம் முழு அளவை எட்டியாக வேண்டும். காயிலின் இயல்பால் மின்னோட்டம் படிப்படியாகத்தான் ஏறும் என்பதால், பாயிண்ட் இடைவெளி அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் மூடியிருக்கும் நேரம் சுருங்கி, வேகமெடுக்கையில் பொறி தளர்கிறது. இந்த வகை லூகாஸ் டிஸ்டிரிபியூட்டரில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்று கையேடு கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

இனி தேடும் முறைக்கு வரலாம். ஒரு வோல்ட் மீட்டர் போதும். அதன் கறுப்பு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலேயே பிடிக்க வேண்டும். இன்ஜின் உடலில் பிடித்தால் எர்த் இணைப்பின் குறை கணக்கில் வராமல் போகும். கேப்பைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பாயிண்டை மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, சாவியைப் போட வேண்டும். இப்போது 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. காயிலின் நுழைமுனையில் பேட்டரி அளவுக்கு மிக அருகில் வோல்ட் இருக்க வேண்டும். பேட்டரியில் 12.4 இருந்து, காயிலில் 10.5 மட்டுமே வந்தால், இரண்டு வோல்ட் சாவி சுவிட்சிலோ அதன் வயரிலோ வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கிறது; புதுக் காயில் எதையும் திருத்தாது. அடுத்து காயிலின் வெளிமுனை, அதாவது பாயிண்டுக்குப் போகும் முனை. பாயிண்ட் மூடியிருக்கையில் அங்கே ஏறத்தாழ பூஜ்யம், அதிகம் போனால் 0.2 வோல்ட் இருக்கலாம். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் பாயிண்டிலும் எர்த்திலும் வீணாகிற பங்கு. பன்னிரண்டே காட்டினால் மின்னோட்டம் ஓடவேயில்லை. பாயிண்ட் எண்ணெய்ப் பிசுக்கால் மூடப்பட்டிருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். இப்போது ஒரு காகித அட்டையால் பாயிண்டைத் திறந்து பிடித்தால் அதே முனையில் பன்னிரண்டு வர வேண்டும். வராமல் பூஜ்யத்திலேயே நின்றால், பாயிண்ட் திறந்தும் மின்னோட்டம் வேறெங்கோ எர்த்தில் இறங்குகிறது: ஷார்ட்டான கண்டன்சர், அல்லது பாயிண்டைப் பொருத்தும்போது இடம் மாறி வைத்த இன்சுலேஷன் வாஷர். புதுப் பாயிண்ட் போட்டதும் வண்டி அடியோடு நின்றுபோவதற்கு இந்தச் சின்ன வாஷர்தான் அடிக்கடி காரணம். நுழைமுனையில் வோல்ட் சரியாக வந்தும், வெளிமுனை பாயிண்ட் மூடினாலும் திறந்தாலும் பூஜ்யமாகவே இருந்தால், அந்த முனையின் வயரைக் கழற்றி ஒருமுறை பார்க்க வேண்டும். கழற்றிய பிறகும் வோல்ட் வரவில்லையென்றால் காயிலின் தடித்த சுற்றே அறுந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்கக் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் காயில் ஏறத்தாழ 48 வாட் வெப்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு, சாவியை அணைத்துவிட்டு ஒவ்வொரு வயரையும் ஓம் மீட்டரில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே என் பதில். பல இழைகள் கொண்ட வயரில் ஒரே ஓர் இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருந்தாலும், மிகச் சிறிய மின்னோட்டம் செலுத்தும் ஓம் மீட்டர் அதை நல்ல வயர் என்றே சொல்லும். 4 ஆம்பியர் ஓடும்போதுதான் அந்த ஓரிழையின் பலவீனம் வோல்ட் இழப்பாகத் தெரியும். லூகாஸ் டிஸ்டிரிபியூட்டருக்குள் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு, பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் சிறிது திரும்பும். அதோடு சேர்ந்து வளைந்து நிமிர்வதற்காகப் பின்னல் போன்ற ஒரு மெல்லிய எர்த் வயரும், பாயிண்டுக்கு வரும் ஒரு மெல்லிய வயரும் உள்ளே இருக்கின்றன. லட்சக்கணக்கான முறை வளைந்தபின் இவை உறைக்குள்ளேயே அறுகின்றன. வெளித்தோற்றத்தில் குறையில்லை. இன்ஜின் ஐட்லிங்கில் சீராக ஓடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் தட்டு திரும்பி, அறுந்த முனைகள் விலகி, இன்ஜின் திக்கும். கார்புரேட்டரில் அழுக்கு என்று சொல்லத் தோன்றுகிற அறிகுறி அப்படியே இது. மீட்டர் முனையைக் காயிலின் வெளிமுனையில் பிடித்தபடி, பாயிண்ட் தட்டை விரலால் மெல்லத் திருப்பினால் முள் துள்ளுவதில் உண்மை தெரிந்துவிடும். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையும் இதே இனம். அது அறுந்த வண்டிகளில் செல்ஃபின் பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடி, சோக் கேபிள் வழியாகப் போய் அதைச் சூடாக்குவதுண்டு. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி எர்த் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வேறெதையும் தொடுமுன் அந்தப் பட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கண்டன்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டறைகளில் காரணமின்றி அதிகம் தூக்கியெறியப்படுவது அதுதான். பாயிண்ட் திறக்கும் கணத்தில் தடித்த சுற்றின் மின்னோட்டம் நின்றுவிட மறுக்கும். அப்போதுதான் விலகத் தொடங்கிய முனைகளுக்கிடையே பொறியாகப் பாய்ந்து தொடரப் பார்க்கும். அப்படிப் பாய்ந்தால் காந்தப் புலம் மெதுவாகச் சரியும், பிளக்குக்குப் போக வேண்டிய ஆற்றல் பாயிண்டைக் கருக்கிவிட்டு அங்கேயே தீரும். ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டன்சர், அந்த மின்னோட்டத்துக்குச் சில மைக்ரோநொடி ஒதுங்க இடம் தருகிறது. 4 ஆம்பியர் அதில் நிரம்பும்போது மின்னழுத்தம் மைக்ரோநொடிக்கு 20 வோல்ட் வீதம் ஏறும். அது இருநூறு, முன்னூறு வோல்ட்டை எட்டுவதற்குள் முனைகள் பொறி தாண்ட முடியாத தூரம் விலகியிருக்கும். ஃபிஸோ 1853-இல் கண்ட விளைவு இதுதான். ஆகவே கண்டன்சர் கெட்டால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. அது உள்ளே அறுந்திருந்தால் பாயிண்டில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், முனைகள் விரைவில் கருகும், பிளக்கில் பொறி மெலியும். ஷார்ட்டாகியிருந்தால் பொறியே இராது. முன்சொன்ன வோல்ட் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பாயிண்டின் ஒரு முனையில் மேடும் மறுமுனையில் பள்ளமும் வேகமாக விழுந்தால் கண்டன்சரின் கொள்ளளவு பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். இந்த அடையாளம் எதுவும் இல்லாத இடத்தில் கண்டன்சரை மாற்றுவது ஒரு யூகம்தான். அனுபவமுள்ள மெக்கானிக்கின் யூகம் பல நேரங்களில் பலிக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆயிரம் வண்டி பார்த்த கை, எது அடிக்கடி போகும் என்பதைத் தன்னையறியாமலே எண்ணி வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஒரே தரமான பாகங்கள் கடையில் கிடைத்த காலத்தில் சேர்ந்தது. இன்று பழைய கார்களுக்கென வரும் மாற்றுக் கண்டன்சர்களிலும் ரோட்டார்களிலும் புதிதாக இருக்கும்போதே குறையுள்ளவை கலந்து வருகின்றன. நல்லதைக் கழற்றிவிட்டு நலிந்ததைப் பொருத்தினால், ஒரு பழுதைத் தேடப் போய் இரண்டு பழுதுள்ள வண்டியோடு திரும்புவோம். அப்போது எந்த யூகமும் உதவாது. கழற்றிய பழைய பாகம் உண்மையிலேயே கெட்டது என்று உறுதியாகும் வரை அதை டிக்கியில் பத்திரமாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

தாழ்வழுத்தச் சுற்று முழுவதும் சரியென்று மீட்டர் சொன்னபின்தான் உயரழுத்தப் பக்கம் திரும்ப வேண்டும். இங்கே மீட்டருக்கு வேலையில்லை. பல்லாயிரம் வோல்ட்டில் அது எரிந்துபோகும். பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து, செல்ஃபைச் சுற்றிப் பொறி வருகிறதா என்று பார்ப்பது எங்கும் வழங்கும் சோதனை. பொறி வந்தால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். இந்த முடிவு தவறு என்பதற்கு இயற்பியலில் ஆதாரம் இருக்கிறது. ஓர் இடைவெளியில் பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தம், இடைவெளியையும் அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்று ஃபிரெடரிக் பாஷன் 1889-இல் காட்டினார். வெளிக்காற்றில் 0.6 மில்லிமீட்டர் பிளக் இடைவெளியைத் தாண்ட மூவாயிரம் வோல்ட் அளவே போதும். சிலிண்டருக்குள் வாயு ஆறேழு மடங்கு நெரிபட்டிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பத்தாயிரம் வோல்ட் அளவு வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் சிலிண்டருக்குள் நுழையும் வாயு கூடுவதால் தேவையும் கூடும். மேட்டில் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிப்பதன் காரணம் இதுதான். வெளியே வைத்த பிளக்கில் வரும் பொறி, மூவாயிரம் வோல்ட் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. காயிலின் உயரழுத்த வயரை நன்கு காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, இன்ஜின் உடலிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்து, அவ்வளவு தூரத்தையும் பொறி நீல நிறத்தில் சடசடவென்று தாண்டுகிறதா என்று பார்ப்பதே சரியான கேள்வி. அக்கம்பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையின் பக்கமே போகக் கூடாது.

காயிலிலிருந்து நல்ல பொறி வந்து, பிளக்குக்கு மட்டும் வராவிட்டால், இடையில் இருப்பவை ரோட்டாரும் கேப்பும் வயர்களும்தான். பல்லாயிரம் வோல்ட்டுக்கு எளிதான பாதை எங்கே கிடைத்தாலும் அது அங்கே இறங்கிவிடும். கேப்பின் உட்புறத்தில் பென்சிலால் கோடு கிழித்தது போல முடி அளவில் ஒரு கறுப்புத் தடம் தெரிந்தால், அது கரி. ஒருமுறை விழுந்த தடம் ஒவ்வொரு பொறியிலும் ஆழமாகும், துடைத்தால் போகாது, கேப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கும் அதன் அடியிலுள்ள இரும்புத் தண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான் காப்பு. அது துளைபட்டால் கண்ணுக்குத் தெரியாது. கேப்பைக் கழற்றிவிட்டு, காயில் வயரை ரோட்டார் தகட்டின் அருகே பிடித்துப் பாயிண்டைத் திறந்து மூடினால் பொறி தாண்டவே கூடாது. தாண்டினால் ரோட்டாரின் உள்வழியே எர்த்துக்குப் பாதை இருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்துப் பழுதுகள் பெருகுவதற்குக் காரணம், தூசியும் ஈரமும் சேர்ந்த படலம் மின்சாரம் கடத்துவதே. 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் இன்ஜினைக் குறுக்கே வைத்ததால் டிஸ்டிரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் அமைந்துவிட்டது. பெருமழையில் அந்தக் கார்கள் நடுவழியில் நின்ற கதை ஊரறிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டி மக்கர் செய்தால், இரவில் பானெட்டைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினைப் பார்க்கலாம். கசிகிற வயரின்மேல் நீலப் பூச்சி ஊர்வது போல ஒளி தெரியும். இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான சோதனை வேறில்லை.

இத்தனை தொல்லைக்கும் பாயிண்டும் கண்டன்சரும்தானே காரணம், அவற்றை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் தீர்ந்தது என்போர் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பாயிண்டின் அடிக்கட்டை கேமில் உரசித் தேயத் தேய இடைவெளி குறைகிறது, பொறி விழும் நேரம் பின்தங்குகிறது. எலக்ட்ரானிக் இக்னிஷனில் பாயிண்டுக்குப் பதிலாக வரும் காந்த உணரியில் அந்தத் தேய்மானமே இல்லை. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அது நல்ல மாற்றம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எடுத்துச் செல்வது இரண்டு பாகங்களை மட்டுமே. சாவி சுவிட்ச், பழைய வயர்கள், எர்த் பட்டை, கேப், ரோட்டார் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வோல்ட் இழப்பு உள்ள வண்டியில் அந்த எலக்ட்ரானிக் பெட்டியைப் பொருத்தினால் அதுவும் அரைகுறையாகவே வேலை செய்யும். நடுவழியில் நின்றால் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து வீடு சேர்வது போல அதைத் தேற்றவும் முடியாது. மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனைகளை முடித்துவிட்டால், மாற்றம் உண்மையிலேயே பலன் தரும். இங்கே காயிலின் வகையையும் கவனிக்க வேண்டும். சில கார்களில் 1.5 ஓம் காயிலோடு பேலஸ்ட் என்ற தடை தொடராக வரும். செல்ஃப் சுற்றும்போது மட்டும் அந்தத் தடையைத் தாண்டி முழு வோல்ட்டும் காயிலுக்குப் போகும். சாவியை முறுக்கிப் பிடித்திருக்கும் வரை இன்ஜின் பற்றிக்கொண்டு, விட்ட கணமே நின்றால் பேலஸ்ட் அறுந்திருக்கிறது என்று அநேகமாக உறுதியாகச் சொல்லலாம். அந்த 1.5 ஓம் காயிலைப் பேலஸ்ட் இல்லாத வண்டியில் பொருத்தினால் 8 ஆம்பியர் ஓடிப் பாயிண்ட் கருகும். 3 ஓம் காயிலைப் பேலஸ்ட்டோடு பொருத்தினால் பொறி எப்போதும் சோர்ந்தே இருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது, சூடானபின் மட்டும் வந்து, ஆறியதும் மறையும் பழுது. முப்பது கிலோமீட்டர் ஓடியபின் வண்டி நிற்கிறது. அரை மணி நேரம் நிழலில் நின்றால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புகிறது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் தடயம் போய்விடுகிறது. தாமிரத்தின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடுகிறது. 30 டிகிரியில் 3 ஓம் இருந்த காயில் 90 டிகிரியில் 3.7 ஓம் ஆகும். நல்ல காயிலே சூட்டில் மின்னோட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்றால், காப்பு நலிந்த காயில் அங்கே கைவிடுவதில் வியப்பில்லை. கண்டன்சருக்கும் சூட்டில் கசிவு உண்டு. ஆனால் எரிபொருள் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தாலும் இதே அறிகுறிதான்; கோடையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆள் அரிது. குளிர்ந்த வண்டியில் இந்தப் பழுதைத் தேடிப் பயனில்லை. அது நிகழும் கணத்தில் சாட்சி ஒன்று வண்டிக்குள் இருக்க வேண்டும். காயிலின் வெளிமுனையிலிருந்து ஒரு வயரை டேஷ்போர்டு வரை இழுத்து, பாயிண்ட் மூடியிருக்கும் அளவைக் காட்டும் முள் வைத்த டிவெல் மீட்டரையோ, பாயிண்ட் திறக்கையில் எழும் முன்னூறு வோல்ட்டைத் தாங்கும் முள் வோல்ட் மீட்டரையோ இணைத்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது மூன்றில் இரண்டு பங்கு நேரம் பாயிண்ட் மூடியிருப்பதால், வோல்ட் மீட்டரின் முள் நாலு, ஐந்து வோல்ட்டில் நிற்கும். வண்டி சோரும்போது கியரை எடுக்காமல், அது உருளும் வரை உருளவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டுக்கு ஏறினால் பாயிண்ட் பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு விழுந்தால் வழியில் ஷார்ட், அல்லது சாவிப் பக்கத்திலிருந்து மின்சாரமே வரவில்லை, அல்லது காயிலுக்குள் தடித்த சுற்று சூட்டில் விட்டுப்போயிருக்கிறது. நுழைமுனையில் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்தால் இவற்றில் எது என்று பிரித்துவிடலாம். இன்ஜின் பிடிக்காமல், உருளும் வண்டியால் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் முள் நாலிலேயே நின்றால் தாழ்வழுத்தச் சுற்று நன்றாகவே இருக்கிறது. அப்போது வண்டியை ஓரங்கட்டி, ஆறுவதற்கு முன், காயில் வயரில் ஆறு மில்லிமீட்டர் பொறி தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டாவிட்டால் காயில் அல்லது கண்டன்சர். தாண்டினால் ரோட்டாரையும் கேப்பையும் பார்த்துவிட்டு, பெட்ரோல் பம்ப்பின் பக்கம் நகரலாம்.